பழைய நிரல்களுக்குக் கொடுத்த வாக்கு

ஹைக்கு என்ற இயங்குதளத்தின் 32 பிட் பதிப்பை உருவாக்க இன்றும் இரண்டு கம்பைலர்கள் வேண்டும். ஒன்று இக்காலத்தது. மற்றொன்று 1999-இல் வெளிவந்த ஜிசிசி 2.95. உலகம் அதைக் கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஹைக்குவின் தன்னார்வலர்களோ அந்தக் கம்பைலரைத் தங்கள் களஞ்சியத்திலேயே வைத்து, உடைகிற இடங்களில் ஒட்டுப்போட்டுக் காப்பாற்றி வருகிறார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் சி++ மொழிக்கு வந்து சேர்ந்த எந்த வசதியும் அதற்குத் தெரியாது. இரண்டு கம்பைலர்களிலும் தேறவேண்டிய பகுதிகளில் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்தப் பழைய கம்பைலருக்கும் புரிகிற நடையில் இருந்தாக வேண்டும். 2001-இல் மறைந்துபோன ஒரு நிறுவனத்தின் இயங்குதளத்துக்காக எழுதிய நிரல்கள் மாற்றமில்லாமல் ஓடும் என்று தொடக்கத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை பாடும் அதற்காகத்தான்.

சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த மாலைகளில் இயங்குதளம் எழுதுகிறவர்கள் இடையே நடந்த மிக நீண்ட சண்டைகளைப் பார்த்தால், பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. பழைய நிரல் ஓடவேண்டுமா, கணினி முடங்காமல் இருக்கவேண்டுமா? இடைமுகத்தை மாற்றலாமா, கூடாதா? மாற்றினால் யார் சரிசெய்வது? விண்டோஸுக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. ஆனால் அங்கே சந்தை ஒரு விடை சொல்லிவிடும். பணம் கொடுத்த வாடிக்கையாளர் கத்தினால் மாற்றம் திரும்பப் பெறப்படும். பொழுதுபோக்குத் திட்டத்தில் அப்படி ஒரு நடுவர் இல்லை. எழுதுகிறவரின் விருப்பமும் பயன்படுத்துகிறவரின் எதிர்பார்ப்பும் நேருக்கு நேர் மோதுகின்றன. இணக்கத்தைத் தொழில்நுட்பப் பண்பாகவே பேசி வருகிறோம். யாருடைய உழைப்பில் யாருக்குப் பயன் என்ற கணக்குதான் அதற்கு அடியில் இருக்கிறது என்பது என் துணிபு. அந்தக் கணக்குக்கு எல்லை போட்டுக்கொண்ட திட்டங்கள் ஒருவிதமாகவும், போடாதவை வேறுவிதமாகவும் வளர்ந்திருக்கின்றன.

ஹைக்குவின் கதையை விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வியின் எல்லாக் கிளைகளும் அதில் இருக்கின்றன. ஆப்பிளை விட்டு விலகிய ழான்-லூயி கஸ்ஸே 1990-இல் தொடங்கிய நிறுவனம் பீ. அதன் பீஓஎஸ், ஒரே நேரத்தில் பல வேலைகளை இழைகளாகப் பிரித்து ஓட்டுவதில் தன் காலத்துக்கு மிகவும் முந்தியிருந்தது. 2000 மார்ச்சில் ஐந்தாம் பதிப்பு வந்தது. அடுத்த ஆண்டே நிறுவனத்தின் சொத்துகளைப் பாம் நிறுவனம் 1.1 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்கியது. மூலநிரல் வெளிவரவில்லை. அந்த ஆகஸ்டில் ரசிகர்கள் ஓப்பன்பீஓஎஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். 2004-இல் அதன் பெயர் ஹைக்கு ஆனது.

முதல் நாளிலேயே இரண்டு கட்சிகள். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை எடுத்துக்கொண்டு மேலே பீஓஎஸ் இடைமுகத்தை மட்டும் கட்டினால் போதும், டிரைவர்கள் இலவசமாகக் கிடைக்கும் என்றது ஒன்று. ப்ளூஐடுஓஎஸ் அப்படித்தான் போனது, நெடுநாள் நிலைக்கவில்லை. பீஓஎஸ்ஸின் துடிப்பான பதிலளிப்பு கெர்னலிலிருந்துதான் வருகிறது, அதையும் புதிதாகக் கட்டவேண்டும் என்றது மற்றது. முன்னாள் பீ பொறியாளர் டிராவிஸ் கெய்செல்பிரெக்ட் எழுதிய நியூஓஎஸ் கெர்னலை அடித்தளமாக எடுத்துக்கொண்டது ஹைக்கு. இலக்கையும் ஒரே வரியில் வைத்தார்கள்: முதல் பதிப்பு என்பது பீஓஎஸ் ஐந்தின் மறுபிறப்பு, அதன் நிரல்கள் அப்படியே ஓடவேண்டும். அதற்கு மேற்பட்ட கனவுகளையெல்லாம் கிளாஸ் எலிவேட்டர் என்ற தனிக் குழுவுக்குத் தள்ளினார்கள். இரண்டாம் பதிப்பு பற்றி அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், முதல் பதிப்பின் வேலையைக் குழப்பக்கூடாது. இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம் போதிய அளவுக்குப் பாராட்டப்படவில்லை. சம்பளம் இல்லாத ஒரு கூட்டத்தை ஒரே திசையில் இழுக்க, வாதத்துக்கு இடமில்லாத ஓர் இலக்கு வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருந்த ஒரு பொருள் அப்படி ஓர் இலக்கைத் தந்தது.

ஆனால் நிரலை மாற்றாமல் ஓட்டுவது எவ்வளவு பெரிய சுமை என்பதைப் பார்க்கவேண்டும். பீஓஎஸ்ஸின் இடைமுகம் சி++ மொழியில் அமைந்தது. சி++ நிரல் ஒன்று கம்பைல் ஆகும்போது, நூலகத்தின் எந்தச் செயல்கூறு அட்டவணையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, ஒரு பொருள் நினைவகத்தில் எத்தனை பைட் பிடிக்கும் என்ற எண்கள் நிரலுக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன. ரயில் பெட்டியில் நடுவே ஓர் இருக்கையைச் செருகினால், ஏற்கெனவே விற்ற பயணச்சீட்டுகளின் எண்களெல்லாம் தவறான ஆளின் இருக்கையைக் காட்டுவதுபோல, நூலகத்தில் நடுவே ஒன்றைச் சேர்த்தால் பழைய நிரல் தவறான செயல்கூறை அழைக்கும். பீயின் பொறியாளர்கள் இதை அறிந்து ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் காலி இடங்களை ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் காலி இடங்கள் எத்தனையோ, அத்தனைதான் எதிர்காலம். ஹைக்குவும் அவற்றையே கவனமாகச் செலவழிக்க வேண்டியிருந்தது.

இதற்கு மேல் இன்னொரு விபத்து. 2001 ஜூனில் வந்த ஜிசிசி 3.0, சி++ நிரல்களின் இரும அமைப்பையே மாற்றிவிட்டது. பழைய ஜிசிசியில் கட்டிய நிரலும் புதிய ஜிசிசியில் கட்டிய நூலகமும் ஒன்றோடொன்று பேச முடியாது. ஓப்பன்பீஓஎஸ் பிறந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. பிறந்தபோதே காலாவதியாகிவிட்ட ஒரு கம்பைலரோடு அதன் தலைவிதி பிணைக்கப்பட்டது.

கைவிடலாமே என்ற குரல் ஆண்டுதோறும் எழுந்தது. அதில் நியாயம் இருந்தது. வெப்கிட் போன்ற உலாவி இயந்திரத்தை ஜிசிசி 2.95 கட்டவே முடியாது. உலாவி இல்லாத இயங்குதளத்தை இன்று யார் தொடுவார்கள்? எதிர்க்குரலிலும் நியாயம் இருந்தது. கோபி புரொடக்டிவ் போன்ற அலுவலக மென்பொருள்கள் மூலநிரல் இல்லாமலே வந்தவை. அவற்றை மறுபடி கம்பைல் செய்யச் சொல்ல எந்த அலுவலகத்துக் கதவும் திறந்திருக்கவில்லை. எல்லாம் திறமூலமாக இருக்கும் உலகத்தில் வளர்ந்தவர்கள் மறுகம்பைல் செய்தால் போயிற்று என்று எளிதாகச் சொல்கிறார்கள். செய்தவரே இல்லாமல் போய்விட்ட ஒரு மென்பொருளுக்கு இரும இணக்கம் மட்டும்தான் பாலம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பழைமையின் பக்கம் சாய்கிறேன்.

ஹைக்கு கண்ட தீர்வு இரட்டை வாழ்க்கை. 32 பிட் பதிப்பில் பழைய, புதிய இரண்டு கம்பைலர்களின் நூலகங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பழைய நிரல் ஒன்றையும் உலாவி மற்றொன்றையும் எடுத்துக்கொள்ளும். 2012-இல் தொடங்கிய 64 பிட் பதிப்பில் பீஓஎஸ் இணக்கம் அறவே இல்லை. வாக்கைக் காப்பாற்றும் பதிப்பு ஒன்று, வாக்கிலிருந்து விடுபட்ட பதிப்பு ஒன்று என்று பாதை பிரிந்தது. சண்டை இதனால் தீரவில்லை என்றாலும் அதன் சூடு தணிந்தது.

கால அட்டவணை ஒரு தனி வேதனை. முதல் ஆல்ஃபா 2009 செப்டம்பரில் வந்தது, நான்காவது ஆல்ஃபா 2012 நவம்பரில். அதன்பின் பொதிமேலாண்மை முறை வந்தது. கணினியின் அமைப்புக் கோப்புறையைப் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று ஆக்கியது இந்த முறை. நிறுவுவதும் நீக்குவதும் பாதுகாப்பாயின. புதுப்பிப்பு கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அதே சமயம், அமைப்புக் கோப்புறைக்குள் தாராளமாக எழுதிப் பழகிய பீஓஎஸ் நிரல்களின் நிறுவல்கள் இடறின. இணக்கத்துக்காகவே பிறந்த திட்டம் தன் வாக்கின் ஒரு பகுதியை உறுதிப்பாட்டுக்காக விட்டுக்கொடுத்தது. பலர் வருந்தினார்கள். அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். இன்றைய பயனாளி ஒவ்வொரு நாளும் அனுபவிப்பது அந்த உறுதிப்பாட்டைத்தான். ஆனால் அதற்குக் கொடுத்த விலை ஆறு ஆண்டுகள்: முதல் பீட்டா 2018 செப்டம்பரில்தான் வந்தது. ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில்.

ஹைக்குவில் இணக்கம், உறுதிப்பாடு என்ற இரண்டு நன்மைகளும் ஓரளவுக்கு ஒத்துப்போயின. அமிகாவின் வாரிசுகளிடம் அதற்கும் வழியில்லை. 1985-இல் அமிகா கணினி வந்தபோது அதன் மோட்டரோலா 68000 சில்லில் நினைவகத்தைக் காக்கும் வன்பொருள் கிடையாது. அந்தக் குறையையே வேகமாக மாற்றினார்கள். ஒரு நிரல் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது செய்தியை நகலெடுப்பதில்லை. அது இருக்கும் முகவரியை மட்டும் கொடுக்கும். பெற்றுக்கொண்ட நிரல் நேரே அங்கே போய்ப் படிக்கும், எழுதும். எளிய கணினியில் இவ்வளவு துள்ளலான பல்பணியை அக்காலத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. ஆனால் எந்த நிரலும் எவருடைய நினைவகத்திலும் கைவைக்கலாம் என்பதால், ஒன்று தவறினால் எல்லாம் விழும். திரையில் சிவப்புக் கட்டத்தில் குரு மெடிடேஷன் என்று வரும். பிறகு மறுபடி தொடங்கவேண்டும்.

அமிகாஓஎஸ் 3.1-க்கு இணையாக ஒரு திறமூல அமைப்பைக் கட்ட 1995-இல் தொடங்கிய திட்டம் ஏராஸ். நினைவகக் காப்பு வேண்டும் என்ற கோரிக்கை அதன் முன் எப்போதும் இருந்து வருகிறது. காப்பைப் போட்டால் முகவரி கொடுத்துப் பேசும் நிரல்கள் அத்தனையும் உடையும், ஏனென்றால் அடுத்தவர் நினைவகத்துக்குள் போவதுதான் அவற்றின் இயல்பான பேச்சு முறை. பல கருக்கள் கொண்ட சில்லுகளிலும் இதே கதை. அமிகாவில் ஃபார்பிட் என்ற அழைப்பு மற்ற எல்லா நிரல்களையும் நிறுத்திவைக்கும். அதை நம்பி எத்தனையோ நிரல்கள் பொதுப் பட்டியல்களைத் திருத்தின. ஒரே கரு இருந்தபோது அது போதும். இரண்டாம் கருவில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அந்த அழைப்பு என்ன செய்யும்? இங்கே கணினியின் உறுதிப்பாடும் பழைய நிரலின் வாழ்வும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக இருக்கின்றன.

ஏராஸ் தன் இரும இடைமுகத்தைச் சீர்படுத்த முயன்றபோது வேறொரு சிக்கல் வந்தது. பழைய இடைமுகத்துக்குப் பூஜ்யம், புதியதற்கு ஒன்று என்று எண் கொடுத்தார்கள். புதியது முடியும்வரை அது மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஐகரோஸ் டெஸ்க்டாப் போன்ற பயனாளிகளுக்கான வெளியீடுகள் பழையதிலேயே தங்கின. நிரல் எழுதுகிறவர்கள் பயனாளிகள் இருந்த இடத்துக்கே எழுதினார்கள். புதிய கிளையில் ஆழமான வேலை நடந்தது; அதைத் தினசரி சோதிக்க ஆள் குறைவு. இந்தப் பிளவு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஒரு மாற்றத்தை எப்போது முடிந்ததாக அறிவிப்பது என்று நாள் குறிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். அமிகாவின் இன்னொரு வாரிசான மார்ஃப்ஓஎஸ்ஸின் குழு வேறொன்றைத் திட்டமிட்டது: பழைய அமிகா நிரல்களுக்கு ஒரு பெட்டி, காப்புள்ள புதிய நிரல்களுக்கு இன்னொரு பெட்டி. முதல் பெட்டி அருமையாக வளர்ந்தது. இரண்டாவது வரவே இல்லை, ஏனென்றால் மக்களும் நிரல்களும் முதல் பெட்டியில் இருந்தார்கள்.

விண்டோஸ் நிரல்களையும் டிரைவர்களையும் ஓட்டும் நோக்கத்தோடு வளர்ந்த ரியாக்ட்ஓஎஸ்ஸின் நிலைமை இன்னும் கடினம். அதன் முன்னோடியான ஃப்ரீவின்95 1996-இல் தொடங்கி, எப்படிக் கட்டுவது என்ற விவாதத்திலேயே நின்றுபோனது. பின்பு விண்டோஸ் என்டி குடும்பத்தை இலக்காக வைத்துப் புது வேலை தொடங்கியது. இங்கே கிடைக்கும் ஆவணத்தைப் பின்பற்றினால் போதாது. ஆவணத்தில் இல்லாத நடத்தையை, சில இடங்களில் பிழையைக்கூட, அப்படியே திருப்பிச் செய்யவேண்டும், ஏனென்றால் ஏதோ ஒரு நிரல் அந்தப் பிழையை நம்பியிருக்கும். டிரைவர்களையும் ஓட்டவேண்டும் என்பதால் கெர்னலின் உள்ளமைப்பையும் ஒத்திருக்க வேண்டும். அதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வி 2006 ஜனவரியில் வெடித்தது. சில பகுதிகள் விண்டோஸ் இருமத்தைப் பிரித்துப் பார்த்து நேரே எழுதப்பட்டவை என்ற குற்றச்சாட்டு உள்ளிருந்தே வந்தது. முழு நிரல்தொகுப்பையும் தணிக்கை செய்ய முடிவானது. பிரித்துப் பார்ப்பவர் ஒருவர், அவர் தரும் விவரக்குறிப்பைக் கொண்டு நிரல் எழுதுபவர் வேறொருவர் என்ற முறையை வலியுறுத்தினார்கள். நுட்பமான இணக்கத்துக்கு ஆசைப்பட்டவர்கள் சட்டத்தின் வாசலில் போய் நின்றார்கள். வேகம் போனது, நம்பிக்கை மீண்டது.

அதைவிடப் பெரிய இடர் இலக்கு நகர்வது. விண்டோஸ் சர்வர் 2003-ஐ ஒட்டியே ரியாக்ட்ஓஎஸ் கட்டப்பட்டது. 2015 ஜூலையில் அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. எக்ஸ்பி காலத்து அமைப்புகளை 2016-இல் குரோமும் 2018-இல் ஃபயர்ஃபாக்ஸும் கைவிட்டன. பழைய இலக்கை முதலில் தொட்டுவிடுவோம் என்பவர்களுக்கும், புதிய நிரல்கள் கேட்கும் அழைப்புகளை இப்போதே சேர்ப்போம் என்பவர்களுக்கும் இடையே வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த 0.4.15-உம் ஆல்ஃபாதான். பீஓஎஸ் செத்துப்போனது ஹைக்குவுக்கு ஒரு விதத்தில் வரம், இறந்தது நகராது.

லினக்ஸும் பொழுதுபோக்காகப் பிறந்ததே. 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அப்படித்தான் அறிவித்தார். பின்னாளில் அது வகுத்துக்கொண்ட எல்லையைச் சிறு திட்டங்கள் ஆழ்ந்து படிக்கவேண்டும். பயனர் நிரல்களுக்குக் கெர்னல் கொடுத்த இடைமுகம் உடையக்கூடாது. கெர்னலுக்குள் டிரைவர்கள் பயன்படுத்தும் இடைமுகம் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய ஓர் ஆவணம் இந்த இரண்டாம் பாதியின் நியாயத்தைக் கெர்னலின் மூலநிரலோடு சேர்த்தே சொல்கிறது: உன் டிரைவரை எங்கள் மரத்துக்குள் கொண்டுவா, மாற்றும்போது நாங்களே திருத்துகிறோம். உழைப்பு யாருடையது என்ற கேள்விக்கு இது நேரடியான விடை. வெளியே நிற்கும் டிரைவர் எழுத்தாளர்களுக்கு இது கொடுமை என்பதும் உண்மை.

2012 டிசம்பரில் நடந்த இரண்டு காரியங்கள் அந்த எல்லையின் வடிவத்தைக் காட்டுகின்றன. கெர்னலில் ஓர் அழைப்பு திருப்பும் பிழை எண் மாறியதால் ஒலி தொடர்பான நிரல்கள் இடறின. நிரல்தான் தவறு என்று சொன்ன பராமரிப்பாளரை டோர்வால்ட்ஸ் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தின் மொழி எனக்கு உடன்பாடில்லை, அதன் கொள்கை உடன்பாடு. அதே மாதம் இன்டெல் 386 சில்லுக்கான ஆதரவு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. லினக்ஸ் பிறந்த கணினியே 386. எந்த நிரலுக்கும் கொடுத்த வாக்கு உடையவில்லை. சில்லுக்கு அப்படி ஒரு வாக்கே இல்லை. பிறகு 2022-இல் ஏ.அவுட் என்ற பழைய நிரல் வடிவத்துக்கான ஆதரவும் நீங்கியது. அதைக் கேட்க ஆள் இல்லை. உடைந்ததை எவரும் உணராவிட்டால் அது உடைப்பு ஆகாது என்ற நடைமுறை விதி வாக்கின் சுமையைத் தாங்கும் அளவில் வைத்தது.

முற்றிலும் மறுத்தவர்களும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் கிளிங் 2018-இல் தொடங்கிய செரினிட்டிஓஎஸ்ஸில் கெர்னல், நூலகங்கள், உலாவி எல்லாம் ஒரே களஞ்சியத்தில், எல்லாம் சொந்தமாக எழுதியவை. வெளியீடு என்று ஒன்று கிடையாது. வேண்டுகிறவர் மூலநிரலிலிருந்து கட்டிக்கொள்ள வேண்டும். ஓர் இடைமுகம் பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றி, அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களையும் அதே மூச்சில் திருத்திவிடலாம். பழைமை இல்லை, ஆகவே சண்டையும் குறைவு. எழுதுகிறவருக்கு இதைவிட மகிழ்ச்சியான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் அதன் உலாவியான லேடிபேர்ட் வெளியுலகத்துக்குப் பயன்பட வேண்டும் என்று ஆனபோது, 2024 ஜூனில் அது தனித் திட்டமாகப் பிரிந்தது. கிளிங்கும் அதோடு போனார். பிறர் எழுதிய நூலகங்களை அங்கே பயன்படுத்தத் தொடங்கினார்கள். எவருக்கும் எந்த வாக்கும் கொடுக்காத சுதந்திரம், பயனாளிகள் வந்து சேரும்வரைதான் செல்லும்.

மறுகோடியில், எம்எஸ்-டாஸைத் திறமூலமாக மறுபடி கட்டிய ஃப்ரீடாஸ். 1994-இல் ஜிம் ஹால் தொடங்கினார், 1.0 பதிப்பு 2006-இல் வந்தது. எம்எஸ்-டாஸின் ஆவணப்படுத்தாத உள்ளமைப்புகளை நம்பிய நிரல்களுக்காக நெடுங்காலம் உழைத்தார்கள். அடுத்து என்ன, 32 பிட்டா, பல்பணியா என்ற கேள்வி எழுந்தபோது, டாஸ் டாஸாகவே இருக்கும் என்று முடிவெடுத்தார்கள். பெரிய கனவுகள் உள்ளவர்களுக்கு அது ஏமாற்றம். எனினும் 1.4 பதிப்பு 2025-இல் வந்தது. முடித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய அபூர்வமான திட்டங்களில் அது ஒன்று.

வன்பொருளைப் பற்றியும் ஒரு சொல். சிறு திட்டங்களால் டிரைவர்களை எழுதி மாளாது. ஹைக்கு ஃப்ரீபிஎஸ்டியின் பிணைய டிரைவர்களையும், பின்னர் ஓப்பன்பிஎஸ்டியின் வைஃபை டிரைவர்களையும் ஓர் இடைப்படலம் வழியாக மாற்றமின்றி எடுத்துக்கொள்கிறது. கடந்த காலத்தோடு கொள்ளும் இணக்கத்துக்குச் செலவிடும் ஆற்றலில் ஒரு பங்கை அண்டை வீட்டாரோடு கொள்ளும் இணக்கத்துக்குச் செலவிட்டால் கிடைக்கும் பலன் பல மடங்கு. இந்த வேலைக்குப் பெரிய சண்டையும் வருவதில்லை.

சண்டைகளைக் குறைத்த முறைகளில் எனக்கு மிகவும் உறுதியாகத் தெரிவது, விண்டோஸ் நிரல்களை மற்ற இயங்குதளங்களில் ஓட்டும் வைன் திட்டத்தின் சோதனைகள். 1993-இல் தொடங்கி 2008-இல்தான் 1.0 என்று அறிவித்த அந்தத் திட்டம், விண்டோஸின் ஒவ்வொரு நடத்தைக்கும் சிறு சோதனை நிரல் எழுதும் பழக்கத்தை வளர்த்தது. சோதனை முதலில் உண்மையான விண்டோஸில் தேறவேண்டும். வைனில் இன்னும் தேறாதவற்றுக்கு டூடூ_வைன் என்று மூலநிரலிலேயே குறி போடுகிறார்கள். இந்த அழைப்பு இப்படித்தான் நடக்கவேண்டும் என்று எவர் வாதிட்டாலும், எழுதிக் காட்டு, விண்டோஸில் ஓட்டிப் பார்ப்போம் என்று முடிந்துவிடும். இன்னும் தீராத கடன் எவ்வளவு என்பதும் எல்லாருக்கும் தெரிகிறது.

ஹைக்குவும் ஏராஸும் இதே அளவுக்கு இதில் இறங்கவேண்டும் என்பது என் விருப்பம். எந்தப் பழைய நிரல்களுக்கு வாக்கு, அவை எந்த நடத்தையை நம்புகின்றன, எந்தச் சோதனை அதைக் காட்டுகிறது என்று பட்டியல் இருந்தால், ஜிசிசி 2.95-ஐ வைத்திருப்பதா விடுவதா என்ற வாதத்தையும் அந்தப் பட்டியலை வைத்தே நடத்தலாம். பீஓஎஸ் ஐந்து ஓடுகிற கணினிகள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. அது எப்படி நடந்துகொண்டது என்று கைப்பழக்கமாக அறிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தச் சோதனைகளை எழுதிவிட வேண்டும்.